கொம்பறுத்த மோட்டார் சைக்கிள்

ஆடி பிறந்துவிட்டால் என் பட்டறைச் சுவரில் இரண்டு இரும்புக் குழாய்த் துண்டுகள் ஊத ஆரம்பித்துவிடும். ஒவ்வொன்றும் நாலு விரற்கடை நீளம்தான். கம்பியில் கோத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். சேர்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று இறங்கி, பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டுப் புழுதியை வாரிக்கொண்டு, தட்டிச் சந்து வழியாக உள்ளே நுழையும்போது இரண்டும் மாறி மாறி மெதுவாக ஊதும். "அதென்ன பிட்டரே சத்தம்?" என்று கேட்பார்கள். "உன் காதுல குருவி கூடு கட்டியிருக்குது, போய் எடுத்துட்டு வா" என்று வாயை அடைத்துவிடுவேன். கழற்றி எறிந்துவிடலாம். எத்தனையோ தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

அவை ஒரு மோட்டார் சைக்கிளின் கொம்பு நுனிகள். அறுத்தவன் நான்தான். ஒரு தாயாரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் ரம்பத்தைக் கையில் எடுத்தேன். அந்த வாக்கியம் பத்து வருடம் என் தொண்டையிலேயே நின்றது.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு சேலத்தில் ஒரு பஸ் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு, அங்கே மேஸ்திரியோடு வாய்த்தகராறு செய்துவிட்டு, பொம்மிடிக்கு வந்து ஓலைக் கொட்டாய் போட்டேன். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. சைக்கிள், பம்பு, எப்போதாவது ஒரு லாரி என்று கைக்கு வேலை வந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் என்று பார்த்தால் சுற்றுவட்டாரத்தில் மூன்றோ நாலோதான். ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கி வருகிற தோட்டத்து துரை ஒருவர் வைத்திருந்தார். காட்டு மர கண்டிராக்டர் ஒருவரிடம் ஒன்று இருந்தது. இன்னொன்று, ரயில் பாதைக்கு மேற்கே காடு தோட்டம் உள்ள ஒரு குடியானவக் குடும்பத்தின் பெரிய மகனுடையது. அவரை நான் பெரியவர் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட இரண்டு வயது மூப்பு. வாரா வாரம் சித்தேரி மலையடிவாரத்துச் சந்தைக்குப் போய், மலைக்காரர்கள் இறக்கிக்கொண்டு வருகிற கடுக்காய், புளி, தேன், சாமை எல்லாம் வாங்கிப் பேசி முடித்துவிட்டு வருவார். மூட்டைகள் மாட்டுவண்டியில் பின்னால் வரும். இவர் முன்னால் பறப்பார்.

அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் மாட்டுக் கண். ஒரு காளையைப் பார்த்தால் கொம்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதனால் மோட்டார் சைக்கிளுக்கும் ஹேண்டில்பார் என்ற வார்த்தை அவர் வாயில் நிற்காது. கொம்பு என்பார். அவர் வண்டிக்குக் கம்பெனியிலிருந்து வந்தது நேரான, தாழ்ந்த கைப்பிடி. "இது மட்டக்கொம்பு" என்பார். கண்டிராக்டரின் வண்டியில் இரண்டு பக்கமும் அகலமாக நீண்டிருந்தது, அது விரிகொம்பு. துரையின் வண்டியில் மேலே எழும்பி, வளைந்து, பின்னால் ஓட்டுகிறவனை நோக்கித் திரும்பியிருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் கூடுகொம்பு. அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அதே பேச்சு ஆகிவிட்டது. இன்றைக்கு வரைக்கும் யாராவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் என் மனசு கொம்பைத்தான் முதலில் பார்க்கிறது.

கொம்பு மாறினால் வண்டியே மாறிவிடும். இதைப் புரியாதவர்கள் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். மட்டக்கொம்பில் உட்கார்ந்தால் உடம்பு முன்னால் சாயும், பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். கப்பிச் சாலையில் வேகமாகப் போக அதைப்போல் வராது. காற்று நெஞ்சில் அடிக்காது, முன்சக்கரம் சாலையைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் வண்டித்தடத்தில் இறங்கினால் ஒவ்வொரு கல்லும் தோள்பட்டையில் வந்து தட்டும், ஐந்து மைல் போனால் விரல் மரத்துவிடும். விரிகொம்புக்கு மணலில் மவுசு. முன்சக்கரம் அதன் இஷ்டத்துக்குத் திரும்பப் பார்க்கும்போது அகலமான கைப்பிடிதான் ஒரு கையாலேயே இழுத்து வழிக்குக் கொண்டுவரும். ஆனால் சந்தைத் தெருவில் இரண்டு பாரவண்டிக்கு நடுவே நுழைய முடியாது. கூடுகொம்பு என்றால் நாற்காலி சுகம். முதுகு நேராக, முழங்கை விலாவோடு, நாள் முழுக்க ஓட்டினாலும் அலுப்பு தெரியாது. ஒரே ஒரு சங்கடம். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் உடம்பு முன்னால் வழுக்கும். அப்போது அந்த இரண்டு நுனியும் நேரே வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பெரியவருக்குத் துரையைப் பார்த்ததிலிருந்து கூடுகொம்பு மேல் ஆசை. முதுகு வலி என்று என்னிடம் சொன்னார். வலியும் இருந்திருக்கும், ஆசையும் இருந்திருக்கும். பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து ஊருக்குள் போக வேண்டும் என்று அவருக்கு எண்ணம். சேலத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் உருட்டிப் பிரட்டி ஒன்று கண்டுபிடித்துக் கொண்டுவந்தேன்.

"நுனி வயித்தப் பாக்குதுங்க. இறக்கத்துல பதனமா பிடிக்கணும்" என்று சொன்னேன்.

"மாடும் அப்பிடித்தானப்பா பாக்குது. அதுக்காவ மாடு கட்டாம இருக்கறமா?" என்று சிரித்தார்.

மாட்டிய நாள் சந்தை நாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டார். பழையதைக் கழற்றி, புதியதை வைத்து, கோணம் பார்த்து, அவரை உட்காரவைத்துக் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்தேன். கொம்பைப் பிடித்து நிறுத்துவது இரண்டு கிளாம்புகள், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு புது போல்ட். நாலையும் கையால் திருகிவிட்டு, வலப்பக்கம் இரண்டையும் ஸ்பானர் போட்டு இறுக்கினேன். இடப்பக்கத்துக்கு ஸ்பானரைக் கொண்டுபோகும்போது வெளியே மடமடவென்று சத்தம். பருத்தி மூட்டை ஏற்றிய வண்டிக்காரன் ஒருவன் தூங்கிக்கொண்டே ஓட்டி வந்து, என் கொட்டாயின் முன்பந்தல் காலை அச்சாணியில் மாட்டி இழுத்துவிட்டான். ஓலை மொத்தமும் சரிந்தது.

எனக்கு அதற்குமேல் கண் தெரியவில்லை. ஸ்பானரைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தேன். அவனும் லேசுப்பட்டவன் இல்லை, கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி, எனக்கு ஈடாக ஏசினான். கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் கூடினால் எனக்கு இன்னும் உற்சாகம். அவனுடைய மாட்டையும் விடவில்லை, அவன் தூக்கத்தையும் விடவில்லை. பெரியவர் உள்ளேயிருந்து பார்த்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை உதைத்துக் கிளப்பி, சரிந்த ஓலைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார். "போதும் வுடப்பா, மாடு பயப்படுது" என்றார். நான் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்த வண்டிக்காரனைப் பார்த்துக் கத்திக்கொண்டே, போய்வாருங்கள் என்று பெரியவருக்குக் கையை மட்டும் ஆட்டினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடுகொம்பைப் பிடித்து அவர் போன முதுகுதான், உயிரோடு அவரை நான் கடைசியாகப் பார்த்தது.

சண்டை ஓய்ந்து, பந்தல் காலை நிமிர்த்திவிட்டு உள்ளே வந்தேன். தரையில் ஸ்பானர் கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. இடப்பக்கம் இரண்டும் இறுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் என்னை மன்னிக்க மாட்டேன். மறந்தது ஒரு நிமிஷத்துக் கோளாறு, மறதி யாருக்கும் வரும். ஆனால் ஞாபகம் வந்த பிறகு எனக்குப் பகல் முழுக்க இருந்தது. பட்டறையில் நாலு சைக்கிள் நின்றன. ஒன்றை எடுத்து மிதித்தால் வெயில் ஏறுவதற்குள் பாப்பிரெட்டிப்பட்டி தாண்டியிருப்பேன், மத்தியானத்துக்குள் சந்தையில் அவரைப் பிடித்திருப்பேன். போகவில்லை. வலப்பக்கம் இரண்டும் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய் நின்றால் சந்தையில் அத்தனை பேர் முன்னால், 'முறுக்க மறந்துட்டேனுங்க' என்று சொல்ல வேண்டும். பிட்டர் என்று பெயர் எடுத்தவன் அதைச் சொல்வதா? வந்ததும் இறுக்கிவிடலாம் என்று ஒரு சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் சந்தையிலிருந்து திரும்பிய வண்டிக்காரர்கள் சேதி கொண்டுவந்தார்கள். சந்தை முடிந்து திரும்புகிற வழியில், ஓடை இறக்கத்தில் ஆடு குறுக்கே வர, பெரியவர் பிரேக் பிடித்திருக்கிறார். கொம்பு கையோடு முன்னால் சுற்றிக்கொண்டுவிட்டது. வண்டி பாறையில் மோதி மல்லாந்ததில் இடப்பக்கத்து நுனி விலாவுக்குக் கீழே இறங்கிவிட்டது. மலைக்காரர்கள் நாலு பேர் கட்டிலில் தூக்கிப் போட்டு, அரூர் ஆஸ்பத்திரியை நோக்கி ஓடியிருக்கிறார்கள். பாதி வழியில் கட்டிலைக் கீழே இறக்கி வைத்துவிட்டார்களாம்.

சாவுக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில்தான் போனேன், அதையும் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய ஆத்தா அழவில்லை. துணியை விலக்கி, விலாவுக்குக் கீழே இருந்த காயத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க, மாடு குத்துன காயம்தான இது? மாடு குத்துன காயம்தான?" என்று வருகிறவர்களை எல்லாம் கேட்டார். பார்த்தவர்கள் ஆமாம் என்றார்கள். பொய்யில்லை, காளை குத்திய காயம் அப்படித்தான் இருக்கும். என்னிடமும் கேட்டார். நானும் ஆமாம் என்றேன்.

காரியம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலை நேரம், மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அந்த மோட்டார் சைக்கிளைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். வண்டியை ஓட்டி வந்தவர் சின்னவர், செத்தவருடைய தம்பி. இருபது வயது இருக்கும். பேச்சு குறைவு, எதையும் உற்றுப் பார்க்கிற சுபாவம். பக்கத்தில் ஆத்தா உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு கிண்ணம். கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றும் அந்த நிமிஷத்தில் தீர்மானம் செய்தேன்.

"சாமி, இதோட கொம்ப அறுத்துக் குடு" என்றார் ஆத்தா.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ஆளைக் குத்திவிட்ட மாட்டை விற்க மாட்டார்கள். விற்றால் அது அடுத்த வீட்டுக்காரனைக் குத்தும், அந்தப் பாவம் விற்றவன் தலையில் விடியும். அடித்துக் கொல்லவும் மாட்டார்கள். கொம்பு நுனியை அறுத்து, தன் கொட்டாயிலேயே கட்டி, தன் வீட்டு ஆளே ஏர் பூட்டி ஓட்ட வேண்டும். கொம்பு போனால் அதன் கொழுப்பும் போய்விடும் என்பது கணக்கு. மாட்டுக்குச் செய்வதை அந்த அம்மாள் மோட்டார் சைக்கிளுக்குச் செய்ய வந்திருந்தார்.

"ஆத்தா, இது இரும்புங்க. மாடு இல்லீங்க" என்றேன்.

"குத்துச்சா இல்லியா?"

"குத்துச்சுங்க."

"அப்ப அறு. இனிமே இத என் சின்னவன்தான் ஓட்டணும். கொம்போட நான் வுடமாட்டேன்."

அறுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நுனி குறைந்தால் கைப்பிடியும் பிரேக் நெம்பும் உள்ளே நகரும், இரண்டு கையும் நெஞ்சுக்கு அருகில் ஒடுங்கும். மணலில் முன்சக்கரம் திரும்பினால் இழுத்துப் பிடிக்கத் தெம்பு பத்தாது. ஓடைத் தடத்தில் அந்த வண்டி முன்னைவிட முரடாகிவிடும். அதாவது ஒரு மகனை எடுத்த வழியில் இன்னொரு மகனை, பிடிமானம் குறைந்த வண்டியில் ஏற்றி அனுப்பச் சொல்லி அந்தத் தாயார் என்னையே கேட்கிறார். அறுக்கக்கூடாது என்று நான் தடுக்கலாம். தடுத்தால், கொம்பு மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், பின்னே யார் மேல் தப்பு என்று அடுத்த கேள்வி வரும்.

வண்டியை இறக்கிவைத்தோம். கிளாம்பைப் பார்த்தேன். வலப்பக்கம் இரண்டும் இருந்தபடி இருந்தன. இடப்பக்கம் ஒரு போல்ட் தொங்கிக்கொண்டிருந்தது, இன்னொன்றைக் காணோம். என் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து, முதுகால் மறைத்துக்கொண்டு, போட்டு இரண்டையும் முறுக்கினேன். திரும்பிப் பார்த்தால் சின்னவர் சற்றுத் தள்ளிக் குந்தி உட்கார்ந்து, தரையில் குச்சியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். பார்த்திருக்க மாட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆத்தா ஒரு சாண் அறுக்கச் சொன்னார். அதிலாவது வாயைத் திறந்தேன். கைவைக்க இடம் இருக்காது என்று மன்றாடி, நாலு விரற்கடைக்கு இறக்கினேன். கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்திருந்தார். கைப்பிடி ரப்பரை உருவிய பிறகு, நான் ரம்பம் வைக்கப்போகிற இடத்தில் இரண்டு பக்கமும் அதைத் தடவினார். மாட்டுக்குக் கொம்பு அறுக்கும்போது எரியாமல் இருப்பதற்குத் தடவுவது. தன் பிள்ளையைக் கொன்ற இரும்புக்கு எரியக்கூடாது என்று அந்த விரல்கள் அந்தத் தடவு தடவின. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. குனிந்து அறுத்தேன். மஞ்சளும் இரும்புத் தூளும் கலந்து காலில் கொட்டியது.

"நுனிய வூட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நீயே எங்கியாச்சும் போட்டுரு" என்றார். எங்கும் போடவில்லை. அன்றைக்கே ஆணியில் மாட்டிவிட்டேன்.

வண்டியை உருட்டிக்கொண்டு வெளியே போகும்போது சின்னவர் என் முகத்தைப் பார்த்து முதல் தடவையாகக் கேட்டார். "நாலும் முறுக்கியாச்சுங்களாண்ணா?"

வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். வேறு யாராவது கேட்டிருந்தால், எனக்கே தொழில் சொல்லித் தருகிறாயா என்று எகிறியிருப்பேன். அவரிடம் திரும்ப ஸ்பானரை எடுத்து, நாலையும் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டி, "முறுக்கியாச்சுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த வண்டி என் பட்டறைக்கு வந்ததெல்லாம் வேறு வேலைக்குத்தான். பிளக் சுத்தம், செயின், டயர். எதற்கு வந்தாலும் போகும்போது அதே கேள்வி. "நாலும் முறுக்கியாச்சுங்களாண்ணா?" நானும் நாலையும் தொட்டுப் பார்ப்பேன். நாளடைவில் அது எனக்கு வியாதி மாதிரி ஆகிவிட்டது. யாருடைய வண்டியானாலும், எந்த போல்ட்டானாலும், ஒன்று இரண்டு மூன்று நாலு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டுதான் முறுக்குவேன். இரண்டே போல்ட் இருந்தால் அதையே இரண்டு தடவை முறுக்கி நாலாக்குவேன். "பிட்டருக்கு ஏதோ வேண்டுதல்" என்று கேலி செய்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். சண்டை போடுவதும் எனக்கு விட்டுப்போனது. தெருவில் யாராவது உரக்கக் கத்தினால், உடனே கையிலுள்ள ஸ்பானரைப் பார்ப்பேன், எதை நடுவில் விட்டேன் என்று.

நான் பயந்தபடியே சின்னவர் அந்த மொட்டைக் கொம்போடு மணலில் இரண்டு தடவை விழுந்தார். முழங்கால் சிராய்ப்பு, ஒரு தடவை மணிக்கட்டுச் சுளுக்கு. இரண்டு தடவையும் ஆத்தா என்னைத் தேடி ஆள் விட்டுக் கூப்பிட்டு, வெல்லமும் தேங்காயும் கொடுத்தார். "பாத்தியா சாமி, கொம்பு இல்லாததால சிராய்ப்போட போச்சு. இருந்திருந்தா இவனையும் குத்தியிருக்கும்" என்றார். விழுந்ததே கொம்பைக் குறைத்ததால்தான் என்று எப்படிச் சொல்வது? அந்தத் தேங்காயை நான் தின்னவில்லை. ஓடையில் போட்டேன்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் ஆனபோது வண்டி முக்கால்வாசி நாள் ஓடவில்லை. பஸ்களே கரி வாயுவில் இருமிக்கொண்டு போன காலம். ஆத்தா அந்த மோட்டார் சைக்கிளை மாட்டுக் கொட்டாயில், உழவு மாடுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கழுத்தில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். மாட்டுப் பொங்கலுக்கு எல்லாக் கொம்புக்கும் வர்ணம் அடிக்கும்போது அந்த இரண்டு முண்டு நுனிக்கும் அடிப்பார். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, வீட்டு ஆளோடு ஆளாக உட்காரவைத்து இலை போடுவார். நான் ஒவ்வொரு வருடமும் இந்த வருடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போவேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் எதிரே மாட்டுக் கொட்டாயில் அந்தச் சிவப்பு வர்ணம் தெரியும். "என் சின்னவன் உசுரோட இருக்கறது உன் கையாலதான்" என்று சோற்றை அள்ளிப் போடுவார். வாய்க்குள் சோறு இருக்கும்போது என்ன சொல்ல முடியும்? அடுத்த வருடம் என்று எழுந்து வந்துவிடுவேன். அப்படியே வருடங்கள் போயின. பெரியவர் என் கனவில் வந்ததே இல்லை. வந்து ஏசியிருந்தால்கூடத் தேவலை. அவருக்குப் பதிலாக அந்தக் குழாய்தான் ஆடிக்கு ஆடி ஊதியது.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று ஸ்டேஷனில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம், ஆத்தா படுத்துவிட்டார். மூச்சு இழுப்பு. இனி எழுந்திருக்க மாட்டார் என்று சொன்னார்கள். சேதி வந்த அன்றைக்குப் பட்டறையை இழுத்து மூடிவிட்டுப் போனேன். இந்தத் தடவை சோறு இல்லை, வர்ணம் இல்லை, சாக்கு ஒன்றும் இல்லை. சொல்லாமல் அந்தக் கண்ணை மூடவிட்டால் நான் மனிதனே இல்லை என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

நடுப்பகல். உள்வீட்டில் கட்டிலில் கிடந்தார், எலும்பும் தோலுமாக. சின்னவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஆத்தாவின் கை எழும்பியது. என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கைதான். இந்தக் கைதான் என் வூட்டக் காப்பாத்துச்சு" என்றார்.

நான் உடைந்துபோனேன். "ஆத்தா, நான் ஒன்னு சொல்லணுங்க. அன்னிக்கு அந்த வண்டியில நான்" என்று ஆரம்பித்தேன்.

சின்னவர் சட்டென்று எழுந்தார். "அண்ணா, வண்டியில கொம்பு ஆடுதுங்க. கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். அவர் அப்படிக் குறுக்கே பேசி நான் கண்டதில்லை. என் தோளைப் பிடித்துக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு மாட்டுக் கொட்டாய்க்கு அழைத்துப்போனார்.

கொம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு நூல்கூட அசையவில்லை. அவர் இடுப்பு வேட்டி மடிப்பை அவிழ்த்து, எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு போல்ட். துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தார். நெளியாமல், மரை தேயாமல், புதிதாகவே இருந்தது. முறுக்கி உடைந்த போல்ட் இல்லை. ஒருநாளும் முறுக்கப்படாத போல்ட். பார்க்கத் தெரிந்தவனுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

"வண்டிய எடுக்கப் போன அன்னிக்கி, ஓடைக்கு ஒரு பர்லாங்குக்கு முன்னாலயே தடத்துல கெடந்துச்சு" என்றார்.

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஆத்தா சாவற வரைக்கும் உங்களச் சபிச்சிக்கிட்டே இருந்திருக்கும். வண்டியச் சபிச்சிது, அதுவும் கொம்ப அறுத்ததோட தீந்துபோச்சு. அதுக்கப்புறம் தூங்குச்சு, சோறு தின்னுச்சு. இப்ப நீங்க சொல்லி உங்க மனசு ஆறும். ஆத்தா மறுக்கா மொதல்லருந்து அழுவோணும். வேணாங்க."

நான் அந்தப் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. அவர் ஆறுதல் சொல்லவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டு என்று நானே கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அண்ணனைச் சாகக் கொடுத்த கையிடமே, தெரிந்துகொண்டே, இத்தனை வருடம் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வரும்? சேலத்தில் எத்தனையோ பட்டறை இருக்கிறதே. கேட்டேவிட்டேன்.

"வேற எவங்கிட்டப் போனாலும் ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் மறந்துருவானுங்க" என்றார். "நீங்க மறக்க மாட்டீங்க."

உள்ளேயிருந்து ஆத்தா கூப்பிட்டார், கொம்பு சரியாகிவிட்டதா என்று. சின்னவர் என்னைப் பார்த்தார். நான் வண்டிப் பெட்டியிலிருந்த ஸ்பானரை எடுத்து, ஏற்கெனவே இறுகியிருந்த நாலையும் ஒவ்வொன்றாக எண்ணி முறுக்கிவிட்டு, "ஆயிடுச்சுங்காத்தா" என்று உரக்கச் சொன்னேன்.